தீனிப்பையைத் தொட்டுப் பார்த்துத் தீனி வைக்கிறேன்

2022 சித்திரையில் ஒரு சேவலை அறுத்தோம். என் மாமியார் அதன் தீனிப்பையை, அதாவது தின்றது முதலில் தங்குகிற கழுத்தடிப் பையை, அரிவாள்மனையில் கீறி, உள்ளே இருந்ததை முறத்தில் கொட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அம்மிணி, இங்க வந்து பாரு. உன்ர சேவல் பொழுதுக்கும் காட்டுல என்னத்தப் பொறுக்குச்சுன்னு." காய்ந்த கொழுக்கட்டைப் புல் துணுக்குகள், ஏழெட்டு வெள்வேல் விதை, நான் காலையில் இறைத்த மக்காச்சோளக் குருணை, அரை விரல் நீளத்துக்கு ஒரு நைலான் கயிறு. பூச்சி என்று சொல்ல இரண்டே இரண்டு கட்டெறும்பு. அவ்வளவுதான்.

அதே வருசம் ஐப்பசியில், நல்ல மழைக்குப் பிறகு, இன்னொரு சேவலை அறுத்தபோது நானே ஓடிப்போய்ப் பார்த்தேன். வெட்டுக்கிளிக் கால்கள், ஈசல் இறக்கை, வெள்ளையாய் ஒரு வண்டுப் புழு, பச்சைப் பசேலென்று புல்நுனி. தானியம் கொஞ்சம்தான். அதே காடு, அதே இனச் சேவல். இரண்டு முறையும் நான் போட்டது ஒரே தீவனம், ஒரே அளவு. அங்கேதான் என் பணம் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில். மழை குறைச்சல். நாலு ஏக்கர் கொறங்காடு, அதாவது ஆடு மாடு மேய்கிற புல்காடு, சுற்றிலும் கிளுவை வேலி, இரண்டு எருமை, கொஞ்சம் ஆடு. கோழி எப்போதும் பத்துப் பதினைந்து உண்டு, அதற்கென்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. 2021-ல் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை நின்றுபோனதும், கோழியைப் பெருக்கிப் பார்க்கலாம் என்று இறங்கினேன். சிறுவிடை, பெருவிடை என்ற இரண்டு நாட்டுக்கோழி வகையும் கலந்து 90 பெட்டை, 12 சேவல். ஒழுங்காகச் செய்கிறேன் பேர்வழி என்று முட்டைக்கோழித் தீவன மூட்டையை வாங்கி, தலைக்கு 100 கிராம் என்று நிறுத்து வைத்தேன். நாமக்கல் பக்கம் பண்ணையில் வேலை பார்த்த சொந்தக்காரர் ஒருவர் சொன்ன அளவு அது. அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் சொன்னது கூண்டில் நிற்கிற, வருசத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிற வெள்ளைக்கோழிக்கு.

என் கோழி 12, 15 முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துகொள்ளும். வருசத்துக்கு 60, 70 முட்டை வந்தால் பெரிய விசயம். அப்போது மூட்டைத் தீவனம் எனக்குக் கிலோ 40 ரூபாய் அடக்கம். ஒரு நாளைக்கு 100 கிராம் என்றால் 4 ரூபாய், வருசத்துக்கு 1,460 ரூபாய். 70 முட்டையை 12 ரூபாய்க்கு விற்றால் 840 ரூபாய். இந்தக் கணக்கை மளிகைக்கடைத் துண்டுச்சீட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. கோழிப் பண்ணைச் செலவில் தீவனம்தான் நூற்றுக்கு 60, 70 என்பார்கள். எனக்குத் தீவனம் மட்டுமே முட்டை வரவைத் தாண்டிக் கொண்டிருந்தது.

இதற்கு நடுவில் அந்த 2021 ஆடி, ஆவணியில் மூட்டைத் தீவனத்தில் சேர்கிற சோயாப் புண்ணாக்கின் விலை மலையேறியது. கடைசியில் மத்திய அரசே 12 லட்சம் டன் வெளிநாட்டுச் சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதி கொடுக்க வேண்டிவந்தது. மூட்டை விலை வாரத்துக்கு வாரம் ஏறியது. சரி, நாமே கலந்துகொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். நல்ல முடிவுதான். ஆனால் எனக்குத் தெரிந்தது பாதி.

குஞ்சுக்குப் புரதம் அதிகம் வேண்டும், கருவாட்டில் புரதம் நிறைய என்று யாரோ சொன்னார்கள். கடற்கரைப் பக்கமிருந்து வந்த கழிவுக் கருவாடு மூட்டை மலிவாகக் கிடைத்தது. இடித்து, நூற்றுக்குப் பத்துப் பங்கு குஞ்சுத் தீவனத்தில் கலந்தேன். மூன்றாம் நாள் 60 குஞ்சும் தண்ணீர்த் தட்டை விட்டு நகரவில்லை. எச்சம் தண்ணியாகப் போனது, கீழே போட்ட உமி சேறானது. பிறகு வயிறு பந்து மாதிரி ஊதி, நெஞ்சு தரையில் பட உட்கார்ந்தன. கழிச்சல்தான் என்று நினைத்து மருந்துக்கடைக்கு ஓடினேன். மாமியார் தீவனத் தட்டில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டுக் கேட்டார்: "ஏஞ்சாமி, இது குஞ்சுக்குத் தீனியா, ஊறுகாய்க்கு உப்பா?"

கால்நடை மருத்துவர் செத்த குஞ்சைக் கிழித்துப் பார்த்தார். வயிறு முழுக்கத் தண்ணீர். உப்பு நஞ்சு என்றார். 60-ல் 31 போய்விட்டன. கோழித் தீவனத்தில் உப்பு நூறு கிலோவுக்கு அரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. கருவாட்டிலேயே ஐந்தில் ஒரு பங்கு உப்பு இருந்தால், பத்துக் கிலோ கருவாடு போட்ட இடத்தில் உப்பு மட்டும் 2 கிலோ வந்து நிற்கும். அத்தோடு தனியாகக் கல்லுப்பும் போட்டிருந்தேன். அன்றைக்கிருந்து எந்தக் கலவையானாலும் என் நாக்கில் பட்ட பிறகுதான் கோழி வாய்க்குப் போகும். கருவாடு உப்புப் போடாமல் வெயிலில் காய்ந்ததாக இருக்க வேண்டும். ஒரு பிடி எடுத்துச் சொம்புத் தண்ணீரில் போட்டுக் கலக்கி வைத்தால் அடியில் மணல் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். முதல் மூட்டையில் காசு கொடுத்து வாங்கியதில் பாதி கடற்கரை.

அந்த அடிக்குப் பிறகு குஞ்சு விசயத்தில் சிக்கனம் பார்ப்பதையே விட்டுவிட்டேன். முதல் 8 வாரம் நூற்றுக்கு 20 பங்கு புரதம் வேண்டும், நான் மாவு மில்லில் அரைத்து அதை ஒழுங்காகக் கொண்டுவர முடியவில்லை. கடையில் விற்கிற குஞ்சுத் தீவனத்தையே வாங்கிப் போடுகிறேன். என் கணக்கில் ஒரு நாட்டுக்குஞ்சு அந்த 8 வாரத்துக்கும் சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தின்பதில்லை. அங்கே மிச்சம் பிடிக்கிற பத்து ரூபாய்க்காக, பின்னால் ஒரு மாசம் தள்ளி முட்டைக்கு வருகிற சோனிப் பெட்டை நமக்கு வேண்டாம்.

கடைத் தீவனத்துக்கு மேல் குஞ்சுக்கு நான் கொடுப்பது கரையான் மட்டும். பழைய மண்பானைக்குள் ஈரச் சாணி, கிழிந்த சாக்கு, காய்ந்த சோளத்தட்டு, மக்காச்சோளக் கதிர்க்கட்டை எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் ஓடுகிற இடமாகப் பார்த்துச் சாயங்காலம் கவிழ்த்து வைக்க வேண்டும். விடிகாலையில் வெயில் ஏறும் முன் தூக்கினால் சாக்கில் வெள்ளையாக அப்பிக்கொண்டிருக்கும். குஞ்சுகளுக்கு முன்னால் உதறிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். தாய்க்கோழி "கொக் கொக்" என்று கூப்பிட்டு, ஒன்றைத் தானே கொத்திக் கீழே போட்டுக் காட்டும். குஞ்சுகள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறும். அஞ்சு நிமிசத்தில் சாக்கு துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். மாமியாரின் வித்தை இது, அவருக்கு அவருடைய அப்பாரு சொல்லிக் கொடுத்தது. மழைக்காலத்தில் நன்றாக வரும். கோடையில் தரை காய்ந்து கரையான் உள்ளே இறங்கிவிடும், பத்துப் பானை வைத்தாலும் இரண்டில்தான் கிடைக்கும்.

பெரிய கோழிக் கலவைக்கு வருகிறேன். எங்கள் பக்கம் எண்ணெய் மில்லும் அரிசி ஆலையும் நிறைய. தவுடும் நொய்யும் தேங்காய்ப் புண்ணாக்கும் கையெட்டுகிற தூரத்தில். கிலோ விலையைப் பார்த்தால் தேங்காய்ப் புண்ணாக்குதான் மலிவு, அதனால் முதலில் அதையே அள்ளிப் போட்டேன். கோழி தின்றது, முட்டை ஏறவில்லை. பிறகு ஒரு நாள் வேறு மாதிரிக் கணக்குப் போட்டேன். கிலோ விலையை அதிலுள்ள புரதத்தால் வகுத்துப் பாருங்கள். தேங்காய்ப் புண்ணாக்கு 32 ரூபாய், புரதம் நூற்றுக்கு 20. அப்படியானால் ஒரு கிலோ புரதம் 160 ரூபாய். கடலைப் புண்ணாக்கு 48 ரூபாய், புரதம் 42. ஒரு கிலோ புரதம் 114 ரூபாய்தான். எள்ளுப் புண்ணாக்கு 40 ரூபாய், புரதம் 36. அதுவும் 111. மலிவு என்று நான் வாங்கிக்கொண்டிருந்ததுதான் மூன்றிலும் விலை கூடியது. தேங்காய்ப் புண்ணாக்கை எருமைக்கே விட்டுவிட்டேன். விலை மாறும்போதெல்லாம் இந்த வகுத்தலை மறுபடி போடுவேன். போன வாரம் சரியாக இருந்தது இந்த வாரம் இருக்காது.

இப்போது கோடையில் நான் அரைப்பது, நூறு கிலோவுக்கு: மக்காச்சோளம் 38, கம்பு 12, நொய் 12, தவுடு 13, கடலைப் புண்ணாக்கு 14, எள்ளுப் புண்ணாக்கு 5, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 4, தாது உப்புக் கலவை ஒன்றேமுக்கால், கல்லுப்பு கால் கிலோ. ஒவ்வொன்றின் புரதத்தையும் பெருக்கிக் கூட்டினால் 17-க்குப் பக்கத்தில் வரும், முட்டையிடுகிற கோழிக்கு அது போதும். கடலையை மட்டும் கூட்டிப் போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. புரதம் என்பது பல சரக்கு சேர்ந்த சாமான். கடலையில் மெத்தியோனின், லைசின் என்ற இரண்டு சரக்கும் குறைச்சல். எள்ளில் மெத்தியோனின் உண்டு, கருவாட்டில் இரண்டும் உண்டு. எது குறைகிறதோ அந்த அளவுக்குத்தான் உடம்பு முட்டையாக மாற்றும், மீதி எச்சத்தில் போய்க் கொட்டாய் முழுக்க மூக்கைத் துளைக்கிற நெடி அடிக்கும். அந்த நெடி நம் காசு.

மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கிற பருத்திப் புண்ணாக்கை மட்டும் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள காசிபால் என்ற சரக்கு முட்டையை வைத்திருக்கும்போது மஞ்சள் கருவைப் பச்சை கலந்த நிறமாக்கிவிடும். ஒரு தடவை அப்படி உடைந்த முட்டையைக் கொண்டுவந்து காட்டிய வாடிக்கைக்காரர் நான் என்ன சொல்லியும் நம்பவில்லை.

அரைவைக் கூலியோடு மேலே சொன்ன கலவை எனக்குக் கிலோ 32 ரூபாய் ஆகிறது. கடை மூட்டை 40. எட்டு ரூபாய்தான் மிச்சம். சொந்தமாகக் கலந்தால் பாதிச் செலவு என்று பேசுகிறவர்கள், மில்லுக்குப் போய் வருகிற பெட்ரோலையும் எலி கடித்த சாக்கையும் எழுதுவதில்லை. எனக்குச் செலவு இறங்கியது கலவையால் இல்லை, அளவால். இப்போது தலைக்கு 50 கிராம். அதுவும் முக்கால்வாசி சாயங்காலம்தான். காலையில் வயிறு நிறைந்தால் கொட்டாய் வாசலிலேயே படுத்துக்கொள்ளும். ஒரு கைப்பிடி இறைத்துவிட்டுத் துரத்தினால் காட்டின் அந்தக் கடைசி வேலிவரை போகும். பொழுது சாய்கிற நேரத்தில் தட்டு வைத்தால் தானாக வீடு திரும்பும். ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் அறுபது பைசா. முட்டைக் காசுக்குள் அடங்கிவிட்டது. குஞ்சும் சேவலும் விற்பதுதான் லாபம்.

50 கிராம் போதுமா, போதாதா என்பதைத்தான் தீனிப்பையைத் தொட்டுப் பார்க்கிறேன். கோழி அடைந்த பிறகு, இருட்டில், ஐந்தாறு பெட்டையைக் கையில் எடுத்துக் கழுத்தடியில் வலப்பக்கம் தடவினால் தெரியும். நல்ல எலுமிச்சம்பழம் அளவுக்கு மேல், அழுத்தினால் நறநறவென்று தானியம் உருண்டால் சரி. சொதசொதவென்று பஞ்சு மாதிரி இருந்தால் வெறும் புல். காலியாக இருந்தால் அது மற்றக் கோழிகளிடம் கொத்துப்பட்டுத் தட்டுக்கே வரவில்லை என்று அர்த்தம், தனியாகக் கூடையில் கவிழ்த்துத் தீனி வைப்பேன். விடிகாலையிலும் இறங்காமல் கல்லு மாதிரி நின்றால் அடைப்பு. நைலான் கயிறு ஞாபகம் இருக்கிறதல்லவா, அதற்குப் பிறகு காட்டில் கயிற்றுத் துண்டு கண்ட இடத்தில் பொறுக்கிவிடுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் கருவாட்டை நிறுத்திவிடுவேன், புண்ணாக்கைப் பாதியாக்குவேன். பூச்சி இருக்கிறது, பச்சை இருக்கிறது, அப்போது கோழிக்கு வேண்டியது தானியச் சக்திதான். மாசியில் மறுபடி ஏற்ற ஆரம்பித்து, சித்திரையில் மேலே சொன்ன முழுக் கலவை. கோடையில் பச்சைக்கு முருங்கை. எங்களுக்குத் தெற்கே மூலனூர் முருங்கைக்குப் பேர்போன ஊர், அங்கே கவாத்து பண்ணும்போது தழையை யாரும் சீந்துவதில்லை. கொத்தாகக் கட்டிக் கோழியின் தலைக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டால் எட்டிக் கொத்தும். மஞ்சள் கரு நல்ல குங்குமப்பூ நிறத்துக்கு வரும், திருப்பூர் வாடிக்கைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

தண்ணீரில் மிதந்து வளர்கிற அசோலா என்ற பச்சைத் தீவனம் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. நானும் இரண்டு தொட்டி போட்டேன். காய்ந்த அசோலாவில் புரதம் நூற்றுக்கு 20, 25 என்பது உண்மை. ஆனால் நாம் அள்ளிப் போடுவது ஈர அசோலா. அதில் 95 பங்கு தண்ணீர். ஒரு கிலோ ஈர அசோலாவில் புரதம் ஏறக்குறைய 12 கிராம்தான் தேறும். ஒரு கிலோ கடலைப் புண்ணாக்குக்குச் சமமாக 35 கிலோ அள்ள வேண்டும். எங்கள் வெயிலில் நிழல்வலை கட்டியும் சித்திரையில் வெந்துபோகிறது. ஒரு தொட்டியை மூடிவிட்டேன், இன்னொன்று கீரை மாதிரி இருக்கட்டும் என்று கிடக்கிறது.

சரக்கு வாங்கும்போது நான் பயப்படுவது பூஞ்சைக்கு. 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பிடித்த பூஞ்சையின் நஞ்சு என்று கண்டுபிடித்தார்கள். அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்ற பேர் அந்தப் பூஞ்சையின் பேரிலிருந்து வந்ததுதான். கோழி உடனே சாகாது, ஈரல் கெட்டு, தீனி எடுப்பது குறைந்து, முட்டை குறைந்து, சீக்கு வந்தால் எழாமல் போகும். வெயிலில் காய வைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு முழுசாகப் போகாது. அதனால் மழைக்காலத்தில் பழைய புண்ணாக்கைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்குவதில்லை. செக்கில் ஆட்டியது, இரண்டு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும். மக்காச்சோளத்துக்கு ஒரு சோதனை: நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு கைப்பிடி சோளமும் ஒரு கரண்டி காய்ந்த தூளுப்பும் போட்டு ஐந்து நிமிசம் குலுக்கி வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் அதிகம், சேமிக்க ஆகாது. ஒட்டாவிட்டாலும் ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்ப்பேன், டக்கென்று உடைய வேண்டும். தவுடு பத்து நாள் தாண்டினால் கோடையில் காறல் வாடை அடிக்கும், அதையும் கொஞ்சமாகத்தான் வாங்குவது.

முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு தருகிற கிளிஞ்சலைத் தீவனத்தில் கலப்பதில்லை. கொட்டாங்குச்சியில் தனியாக வைத்துவிடுவேன். முட்டையிடுகிறது தானே போய்த் தின்னும், சேவலும், இளம் பெட்டையான விடைக்கோழியும் ஏறெடுத்தும் பார்க்காது. முட்டைக்கு வராத விடைகளுக்கு முட்டைக்கோழித் தீவனத்தையே போட்டு வளர்த்தால் அதிலுள்ள சுண்ணாம்பு அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். என் முதல் வருசத் தப்புகளில் அதுவும் ஒன்று.

கடைசியாகச் சிந்துவது. ஒரு நாள் தீவனத் தட்டுகளுக்கு அடியில் படுதாவை விரித்து வைத்து, ராத்திரி கூட்டி அள்ளி நிறுத்தேன். 6 கிலோ வைத்ததில் ஒரு கிலோ 200 கிராம் கீழே. ஐந்தில் ஒரு பங்கு! தட்டை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், கோழியின் முதுகு உயரத்துக்குத் தொங்கவிட்டதும் அது கால் கிலோவாகிவிட்டது. எந்தப் புண்ணாக்குக் கணக்கும் இவ்வளவு சுலபத்தில் எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கவில்லை. எலிக்குத் தகர டிரம்மும் இறுக்கமான மூடியும் போதும்.

மயிலுக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. சாயங்காலம் தட்டு வைக்கிற சத்தம் கேட்டதும் வேலிமேல் ஒன்று வந்து உட்காரும், பின்னாலேயே நாலு. சேவல்கள் ஒதுங்கி வழிவிடும். மாமியார் கையில் ஒரு மூங்கில் தடியோடு கொட்டாய் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "முருகன் வண்டி, அடிக்கவா முடியும்?" என்கிறார். நேற்றும் அப்படித்தான், தடியை மடியில் வைத்தபடியே தூங்கிப்போயிருந்தார்.